பொனட்டுக்குள்ளே சுத்தம்: மலைநாட்டு ஈரத்தில் கழுவுவதா, துடைப்பதா?

நானுஓயா_ரோட்:
கார் டொயோட்டா எக்ஸியோ, 1500 சீசீ பெற்றோல். தினமும் தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிறது. பொனட்டைத் திறந்தால் எங்கும் செம்மண். டெப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) ஓரத்தில் ஒயில் பிசுக்கு, பெட்டரி முனையில் வெள்ளைப் பூ, வைப்பருக்குக் கீழே சைப்பிரஸ் சருகு. சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் பிரஷர் அடித்துத் தருவார்கள். கொடுக்கலாமா, வீட்டில் செய்வது நல்லதா? ஃபொக் லாம்ப் வயரும் பெட்டரியைச் சுற்றித் தொங்குகிறது, அதையும் ஒழுங்காக்க வேண்டும்.

ஹட்டன்_கராஜ்:
பிரஷர் வேண்டாம் தம்பி. கனெக்டர்களுக்குள் இருக்கும் ரப்பர் சீல் மழைச் சாரலையும் டயர் தெறிப்பையும் தாங்கும். முகத்துக்கு நேராகப் பாயும் தண்ணீரைத் தாங்காது. பத்துப் பதினைந்து வருட வண்டியில் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். அழுத்தத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும், திரும்பி வெளியே வர அதே சீல் விடாது. கொழும்பு வெயிலில் எப்படியாவது உலர்ந்துவிடும். நுவரெலியா பக்கம் வருடச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான், போதாததற்குப் பனிமூட்டம். ஈரம் உள்ளேயே நின்று செம்பு முனை பச்சை பிடிக்கும். கழுவி மூன்று நான்கு வாரம் கழித்து செக் எஞ்சின் விளக்கு எரியும்போது கழுவினதை யாரும் நினைப்பதில்லை, சென்சரைத்தான் மாற்றுவார்கள்.

இங்கே செய்ய வேண்டியது துடைப்பு. தண்ணீர் கடைசி, அதுவும் கொஞ்சம். வரிசை இப்படி:

எஞ்சின் கை வைத்துத் தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிசூட்டில் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கலாம். அடியோடு குளிர்ந்துவிட்டால் பிசுக்கு இளகாது. ஓட்டி நிறுத்தி முக்கால் மணி நேரம் விட்டால் சரியாக இருக்கும்.

முதலில் உலர் வேலை. சருகைக் கையால் அள்ளுங்கள். 2 அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் செம்மண்ணைத் தட்டிவிட்டு, வேக்கியூம் இருந்தால் இழுத்து எடுங்கள். மண்ணை நனைத்தால் சேறாகி இடுக்கில் இறங்கும், பிறகு இரட்டை வேலை. பாதி அழுக்கு இந்தக் கட்டத்திலேயே போய்விடும்.

அடுத்தது மூடுதல். ஏர் ஃபில்டர் வாய், பியூஸ் பொக்ஸ், ஈசியு (எஞ்சின் கணினி), அல்டர்னேட்டர் (பெட்டரியைச் சார்ஜ் பண்ணுவது), இக்னிஷன் கொயில்கள், பிரேக் ஒயில் டாங்கி மூடி. பொலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள். மறந்த பை எக்ஸோஸ்ட்டில் உருகி ஒட்டினால் ஒரு மாதம் நாறும்.

பெட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். எக்ஸியோவில் அதற்குப் பிறகு ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கும். சூடான எஞ்சினை ஏசி இல்லாமல் பத்து நிமிடம் ஐட்லில் விட்டால் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

டீகிரீசர் தண்ணீரில் கலக்கும் வகை. சாதாரண அழுக்குக்கு 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர், ஒயில் பிசுக்குக்கு 1க்கு 4. எஞ்சின் மேலே பீய்ச்ச வேண்டாம், துணியிலும் பிரஷ்ஷிலும் எடுத்துப் பூசுங்கள். 3 முதல் 5 நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். காய்ந்தால் அலுமினியத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும், பிறகு போகாது. ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து எடுங்கள். மூலைமுடுக்குக்கு மட்டும் 2 லீற்றர் கைப்பம்ப் ஸ்பிரேயரால் மெல்லிய சாரல்.

பதுளை_வேன்:
பிசுக்குக்கு மண்ணெண்ணெய் போதுமே, டீகிரீசர் எதற்கு?

ஹட்டன்_கராஜ்:
பிசுக்கு இளகும், உண்மை. ஆனால் ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். மண்ணெண்ணெய், டீசல் பட்டால் அது ஊதிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் நிற்கும், அடுத்த நாளே மண் ரோட்டுத் தூசி முழுதும் அதில். கழற்றி எடுத்த இரும்புச் சாமானைத் தட்டில் போட்டுக் கழுவ மண்ணெண்ணெய் சரி. வண்டியில் இருக்கும்போது வேண்டாம். பெற்றோல் பேச்சே எடுக்காதீர்கள், ஒரு பொறி போதும்.

வீல் கழுவும் ஆசிட், அடுப்புக் கரி எடுக்கும் காஸ்டிக் இரண்டும் கூடாது. அலுமினியத்தை அரித்து மங்கலாக்கும்.

சேர்விஸ்_பே_3:
பிரஷர் என்றாலே பாவம் என்கிற மாதிரி எழுத வேண்டாம். அடிக்கிற விதம்தான் கெடுதல். 40 பாகை விசிறி நொசில், குறைந்தது 3 அடி தள்ளி, அசைத்துக்கொண்டே அடித்தால் எஞ்சினின் அடிப்பக்கம், கியர் பெட்டியின் கீழ், குறுக்குச் சட்டம் எல்லாம் நன்றாக வரும். அங்கே துணி போகாது. கெடுப்பது ஊசி மாதிரி பாயும் ஒற்றை நொசில். சேர்விஸ் ஸ்டேஷனில் அவசரத்தில் அதை மாற்றாமலே பொனட்டுக்குள் திருப்புகிறார்கள், அதுதான் பிரச்சினை.

ஸ்டீம் மெஷினும் இருக்கிறது, தண்ணீர் குறைவாகச் செலவாகும். ஆனால் சூட்டில் பழைய ஸ்டிக்கர், வயர் மேல் ஒட்டின டேப் எல்லாம் இளகிவிடும்.

ஹட்டன்_கராஜ்:
அடிப்பக்கத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மேல் பாதிக்கு இல்லை. ரேடியேட்டரிலும் ஏசி கண்டன்சரிலும் கிட்ட அடித்தால் ஃபின் (மெல்லிய தகடுகள்) மடங்கிவிடும், காற்று போகாது. ரம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்போது அது தெரியும். ஃபின்னுக்கு சாதாரண ஹோஸ் பைப் போதும். எஞ்சின் பக்கம் நின்று வெளிப்பக்கம் நோக்கி அடித்தால் வந்த வழியே மண்ணும் பூச்சியும் திரும்பிப் போகும்.

தலவாக்கலை_டீசல்:
பழைய டொல்ஃபின் வேன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எஞ்சின் ஓடும்போதோ நல்ல சூட்டிலோ டீசல் பம்ப் மேல் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. உள்ளே உருளையும் பிளஞ்சரும் மைக்ரோன் இடைவெளியில் ஓடுகின்றன. வெளி உடம்பு சட்டென்று சுருங்கினால் பிடித்துவிடும். பம்ப் போனால் செலவு பெரிது.

வயர்மேன்_மலையகம்:
எல்லாரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள், வைப்பருக்குக் கீழே பார்ப்பதில்லை. நம் பக்கத்து வண்டிகளுக்கு முதல் வேலை அங்கேதான்.

கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவுலின் இரண்டு ஓரத்திலும் வடிகால் துளை இருக்கும். சைப்பிரஸ் ஊசியும் யூகலிப்டஸ் இலையும் மக்கிச் சேறாகி அதை அடைத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் பெய்கிற மழைக்குத் தண்ணீர் தொட்டியாக நிற்கும். பிறகு இரண்டு வழி. ஒன்று புளோவர் வழியாகக் காலடிக் கம்பளத்துக்கு. மற்றது கவுல் மூட்டின் ரப்பர் தளர்ந்த இடத்தால் எஞ்சினின் பின்பக்கம் சொட்டும். எட்டு பிளக் உள்ள பழைய ஹொண்டா ஃபிட்டில் பின்வரிசை நான்கு பிளக்கும் அந்தப் பக்கத்தில்தான். துருப்பிடித்துக் கழற்றும்போதே முறிவது அதனால்தான்.

கழற்றும் விதம்: வைப்பர் கை நிற்கும் இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மூடியை நெம்பி நட்டைக் கழற்றுங்கள், டொயோட்டாவில் பெரும்பாலும் 14 சொக்கெட். கை இறுகியிருந்தால் அடிக்க வேண்டாம், மேலும் கீழும் ஆட்டினால் வந்துவிடும். கவுல் கிளிப்பின் நடு ஊசியை முதலில் தூக்கிவிட்டுப் பிறகு முழுதையும் எடுங்கள். பழைய கிளிப் முறியத்தான் செய்யும், ஸ்பெயார்ஸ் கடையில் ஆறு ஏழு வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சேற்றைக் கையால் அள்ளிய பிறகு ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் முன் சில்லுக்குப் பின்னால் விழ வேண்டும்.

நானுஓயா_ரோட்:
மிக்க நன்றி அண்ணே. பெட்டரி வெள்ளைப் பூவுக்கு கொதிநீர் ஊற்றினால் போதுமா?

வயர்மேன்_மலையகம்:
கொதிநீர் பூவைக் கரைக்கும், ஆனால் அமிலம் மிச்சமாகிக் கீழே தட்டில் இறங்கித் தகட்டைத் தின்னும். 250 மில்லிலீற்றர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலக்குங்கள். நெகட்டிவை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. 10 ஸ்பனர். பெட்டரி மூடித் துளைகளில் ஈரத் துணியை வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை நிற்கும் வரை. சோடா செல்லுக்குள் போகவே கூடாது, போனால் அமிலம் செத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கிளாம்பை மாட்டி இறுக்கிய பிறகு மேலே வெசலின் மெல்லிசாக. 5 நியூட்டன் மீற்றர் போதும். ஈய முனை மென்மையானது, பலத்தைக் காட்டினால் நெளியும்.

பூ ஒரே முனையில் திரும்பத் திரும்ப வந்தால் முனையடி சீல் கசிகிறது, அல்லது அல்டர்னேட்டர் அதிகமாகச் சார்ஜ் பண்ணுகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அதோடு எர்த் வயர். பொடியில் (வண்டியின் இரும்பு உடம்பில்) அதன் போல்ட் ஏறும் இடத்தைக் கழற்றி, மண்ணையும் துருவையும் மணல் தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை தேய்த்து இறுக்குங்கள். சோதனை: மல்டிமீற்றரின் ஒரு கம்பி பெட்டரி நெகட்டிவ் முனையில், மற்றது எஞ்சின் உடம்பில், ஒருவர் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் சோம்பினால் பெட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ஹைபிரிட்_பண்டாரவளை:
ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. அக்வா, ப்ரியஸ் வண்டிகளில் எஞ்சின் நின்றிருந்தாலும் ரெடி விளக்கு எரிந்தால் அது தானாகவே ஸ்டார்ட் ஆகும். கை சுழலும் பாகத்தின் பக்கம் இருந்தால் விரல் போகும். பவரை அணைத்து, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். 12 வோல்ட் பெட்டரி பெரும்பாலான மொடல்களில் பொனட்டுக்குள் இல்லை, பின்னால் இருக்கிறது. கழற்றுவதானால் அங்கே. ஆரஞ்சு நிற வயர் போகும் இடம், இன்வேர்ட்டரின் அலுமினியப் பெட்டி இரண்டிலும் ஈரமில்லாத துணி மட்டும். அந்தக் கனெக்டரைத் திறக்கவோ, இன்வேர்ட்டர் மூடியின் போல்ட்டில் கை வைக்கவோ கூடாது. இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலண்ட் டாங்கி உண்டு. தூசி மறைத்திருந்தால் துடைத்து அளவைப் பாருங்கள்.

சின்ன ஹைபிரிட் வெகன் ஆரில் பெல்ட்டில் ஓடும் ஐஎஸ்ஜி மோட்டர் ஸ்டார்ட்டர் வேலையும் பார்க்கிறது. அல்டர்னேட்டரை மூடுவதுபோல் அதையும் மூட வேண்டும். சிக்னலில் நின்று தானாக ஓடும் எல்லா வண்டிக்கும் சாவி விதி பொருந்தும்.

தெமோதரை_77:
பருவத்தையும் பாருங்கள். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். ஊவாப் பக்கம் நமக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, அதனால் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் காற்றுக் காலத்தில் செய்தால் அரை நாளில் உலர்ந்துவிடும். எங்கே இருந்தாலும் காலையில் தொடங்க வேண்டும். பின்னேரம் பனி இறங்கின பிறகு துடைப்பது வீண்.

ஹட்டன்_கராஜ்:
உலர்த்துவது பற்றி நான் எழுதாமல் விட்டதைச் சேர்க்கிறேன். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, கம்பிரஸர் காற்றில் கனெக்டர் ஓரம், பிளக் குழி, போல்ட் தலைக் குழி எல்லாம் ஊத வேண்டும். கொயிலைக் கழற்றும் முன்பே குழியைச் சுற்றி ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் நிற்கும் மண்ணும் தண்ணீரும் சிலிண்டர் வாயிலுக்கே போகும். பைகளை எடுத்து, எண்ணிச் சரிபார்த்து, பெட்டரியை மாட்டி, பொனட் திறந்தபடி 15 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஒரு 10 கிலோமீற்றர் ஓட்டம். எஞ்சின் தடுமாறினால் பெரும்பாலும் ஒரு பிளக் குழியில் ஈரம். கொயில்களை ஒவ்வொன்றாக எடுத்து ரப்பர் குழாயின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தினால் தீரும். அந்தக் குழியில் ஒயில் நின்றால் அது வேறு கதை, டெப்பெட் கவரோடு வரும் குழாய் சீல் போய்விட்டது.

எலிப்பொறி:
தேயிலைத் தோட்டத்து லைன், விறகுக் கொட்டில் பக்கம் நிறுத்தும் வண்டியென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பொனட் பாயைக் கிழித்து அதில் எலி கூடு கட்டியிருக்கும். புழுக்கையைக் கம்பிரஸரால் ஊதவோ, காய்ந்தபடி கூட்டவோ வேண்டாம். எலிக்காய்ச்சல் நம் நாட்டில் சும்மா விஷயமில்லை. எலி மூத்திரம் கையில் உள்ள சின்ன வெட்டுக்காயத்தால் ஏறும். ரப்பர் கையுறை, முகக்கவசம். பிளீச்சிங் திரவம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து நனைத்து, பத்து நிமிடம் விட்டுக் காகிதத்தால் அள்ளிக் கட்டிப் போடுங்கள். அந்தக் கலவை அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். பிளாஸ்டிக்கில் மட்டும் போட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள்.

ஃபில்டர் பெட்டியின் காற்று வாயில் 6 மி.மீ. கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை, இயந்திரம் இழுத்துக்கொள்ளாதபடி இறுக்கமாகக் கட்டலாம். அந்துருண்டை போடுவது சரியில்லை. ஹீட்டர் போட்டால் வாசம் முழுதும் உள்ளே வரும், தலைவலிதான் மிச்சம். எலி நகர்ந்து போவதும் இல்லை.

வயர்மேன்_மலையகம்:
இப்போது ஃபொக் லாம்ப். 55 வாட் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 அம்பியருக்குச் சற்று மேல். ஹெட்லைட் சுவிட்ச்சில் நேரே கொடுத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். 30 அம்பியர் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒன்று, 15 அம்பியர் பியூஸ் ஒன்று, பிரதான வழிக்கு 2.5 சதுர மி.மீ. வயர், ஒவ்வொரு லாம்ப்புக்கும் 1.5, சுவிட்ச்சுக்கு 0.75.

பெட்டரி பொசிட்டிவிலிருந்து பியூஸ் ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முந்தின வயர் பொடியில் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை, தீதான். ரிலேயின் கால்களில் எண் இருக்கும்: பியூஸிலிருந்து 30ஆம் காலுக்கு, 87இலிருந்து லாம்ப், 85 எர்த், 86 சுவிட்ச். சுவிட்ச்சுக்கு மின்சாரத்தை பார்க்கிங் விளக்கு வழியிலிருந்து எடுத்தால், வண்டியை நிறுத்தி விளக்கை அணைக்கும்போது ஃபொக்கும் அணையும். எல்ஈடி போட்டிருந்தால் கரண்ட் குறைவு, அதற்கேற்ப 5 அல்லது 7.5 பியூஸ்.

வயரை முறுக்கிக் கறுப்பு பிவிசி டேப் சுற்றுகிற வழக்கத்தை விடுங்கள். சூட்டில் பசை வழிந்து, டேப் அவிழ்ந்து, உள்ளே பச்சை பிடிக்கும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். அதன் மேல் 7 அல்லது 10 மி.மீ. நெளிவுக் குழாய், முனையில் துணி வயரிங் டேப். கட்டும் இடைவெளி ஒரு சாண். எக்ஸோஸ்ட்டிலிருந்து 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் தள்ளி, எஞ்சினில் கட்டாமல் பொடியில் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே போகும் வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள், எஞ்சின் ஆடும். கனெக்டருக்கு முன் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வடியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ரிலேயின் கால்கள் கீழ் நோக்கி இருக்க வேண்டும். கேபிள் டை வெட்டின முனையை வழித்துவிடுங்கள், அடுத்து கை வைப்பவரைக் கிழிக்கும்.

சேர்விஸ்_பே_3:
பளபளப்புக்குக் கடைசியில் அடிக்கிற ஸ்பிரே வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். சிலிக்கன் இல்லாத, தண்ணீரில் செய்த பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங்கைத் துணியில் எடுத்துப் பூசிவிட்டுத் துடைத்தால் போதும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும், கத்தும். எண்ணெய்ப்பசையான ஸ்பிரே விற்பதற்கு நிற்கும் வண்டிக்கு. கசிவுகளை மறைத்துவிடும்.

தலவாக்கலை_டீசல்:
சரியாகச் சொன்னீர்கள். சுத்தம் செய்வதே கசிவு பார்க்கத்தானே. துடைத்த பிறகு 50 கிலோமீற்றர் ஓட்டி டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் எப்போதும் மேலிருந்து கீழே, ஓடும்போது முன்னிருந்து பின்னே போகும். ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளிதான் குற்றவாளி. இடம் பிடிபடாவிட்டால் சந்தேகமான பக்கத்தில் குழந்தைப் பவுடர் தூவி ஓட்டினால் கோடு தெரியும். தண்ணீர்ப் பம்பின் கீழே காய்ந்த சிவப்பு அல்லது பச்சைக் கறை இருந்தால் அதன் சீல் முடியப்போகிறது. டெப்பெட் கவர் கசிந்தால் கேஸ்கட் போடும் முன் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். கடகடக்காவிட்டால் அடைப்பு. அதை விட்டுப் புதுக் கேஸ்கட் போட்டால் அதுவும் கசியும்.

நானுஓயா_ரோட்:
ஒயில் மூடியைத் துடைக்கத் திறந்தேன். அடியில் வெள்ளை கிரீம் மாதிரி. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

தலவாக்கலை_டீசல்:
அவசரப்பட வேண்டாம். ஐந்து பத்து நிமிட ஓட்டமும் நம் குளிரும் சேர்ந்தால் எஞ்சினுக்குள் நீராவி மூடியில் படிந்து ஒயிலோடு கலந்து அப்படி வரும். துடைத்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதில் ஒயில் சுத்தமாக இருந்து, கூலண்ட் டாங்கி அளவும் குறையாமல் இருந்தால் கேஸ்கட்டைத் திட்ட வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது 40 நிமிடம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம், கூலண்டும் குறைகிறது என்றால் ஓட்டாமல் கராஜுக்கு. எக்ஸியோவில் சூட்டு முள் இல்லாத மொடல் என்றால் நீல விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள். அணையவே நேரமானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ரேடியேட்டர் மூடி ரப்பரையும் குளிர்ந்த பிறகு திறந்து துடையுங்கள். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் வெறும் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். 1.1 என்று எழுதிய மூடி அழுத்தம் பிடித்தால் பாதிக்குப் பாதி கூலண்ட் 120ஐத் தாண்டியும் கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தம் பிடிக்காது, இங்கே அதன் விளைவு கொழும்பை விடச் சீக்கிரம் தெரியும். மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

தெமோதரை_77:
கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நானுஓயாவில் கானில் விட்டால் அது கொத்மலை ஓயா வழியாக மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு. ஹட்டன், நோர்வுட் பக்கம் காசல்ரீ. ஒயில் பிசுக்கை முதலில் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக் காகிதத்தில் எடுத்துவிட்டால் தண்ணீரில் போவது மிகக் குறைவு. வண்டிக்கு அடியில் பழைய தகரத் தட்டு, அதில் இரண்டு அங்குலம் மரத்தூள். ஊறின மரத்தூளைப் பையில் கட்டி, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். தேயிலைக்கு அடியில் கொட்ட வேண்டாம், கிணற்றுப் பக்கம் கிட்டவே வேண்டாம்.

நானுஓயா_ரோட்:
கவுல் கிளிப், 2.5 வயர், ரிலே, அப்பச்சோடா பட்டியலில் போட்டாச்சு. டீகிரீசர் ஒரு லீற்றர் போதுமா?

ஹட்டன்_கராஜ்:
500 மில்லிலீற்றர் போதும், மிஞ்சும். துணி அதிகமாக வாங்குங்கள், எட்டாவது வேண்டும். கவுலுக்கு ஒன்று, பிரேக் ஒயில் டாங்கிக்குத் தனியாக ஒன்று. அதன் மூடியைத் திறக்காமலே துடைக்கணும். ஒரு சொட்டு பிரேக் ஒயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், உரித்துவிடும்.